பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏன் இந்த விலை?

கிணத்துக்கடவில் தக்காளி மண்டி விலையும் ரோட்டோர நிலத்தின் விலையும் எல்லோருக்கும் அத்துபடி. பழைய ஸ்போர்ட்ஸ் காரின் விலை என்று வந்தால் மட்டும் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறோம். "அந்தக் காலத்துல இரும்புக் கடைக்குப் போட்ட வண்டிங்க. இன்னைக்கு அதுக்குப் போயி இத்தனை லட்சமா?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். "இப்ப வாங்கிப் போட்டா பத்து வருசத்துல ரெண்டு மடங்குங்ணா" என்கிறார்கள் இளைஞர்கள். பெரியவர்கள் கேட்பதற்குப் பதில் இருக்கிறது. இளைஞர்கள் சொல்வதைத்தான் கையில் பணம் எடுக்கும் முன் நிறுத்திக் கணக்குப் பார்க்க வேண்டும்.

உலகச் சந்தையிலிருந்து தொடங்கினால் விஷயம் சீக்கிரம் புரியும். இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை 250 ஜிடிஓ என்ற காரைச் செய்தது. மொத்தம் 36 வண்டிகள்தான். புதிதாக வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை சுமார் 18,000 டாலர். பந்தயத்தில் ஓடி முடித்த பிறகு அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு ஜிடிஓவை ஒரு பள்ளிக்கூடத்துக்கு இனாமாகவே கொடுத்துவிட்டார்கள். அந்தப் பள்ளி பின்னால் அதை 6,500 டாலருக்கு விற்றது. அதே வகைக் கார் ஒன்று 2018-இல் கலிஃபோர்னியா ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. 2023 நவம்பரில் நியூயார்க்கில் இன்னொன்று 5 கோடியே 17 லட்சம் டாலர், நம் பணத்தில் ஏறத்தாழ 430 கோடி ரூபாய். இதற்கும் மேலே ஒன்று உண்டு. மெர்சிடீஸ் நிறுவனம் 1955-இல் இரண்டே இரண்டு செய்த 300 எஸ்எல்ஆர் கூப்பேயில் ஒன்று, 2022 மே மாதம் 13.5 கோடி யூரோவுக்கு விற்றது.

இந்த ஏற்றத்துக்கு முதல் காரணம் எண்ணிக்கை. தங்கத்தின் விலை ஏறினால் சுரங்கத்தில் இன்னும் கொஞ்சம் தோண்டலாம். 1962-ஆம் ஆண்டின் காரை இன்று இன்னொன்று செய்ய முடியாது. இருப்பதிலும் விபத்திலும் துருவிலும் போனது போக, மிச்சம் குறைந்துகொண்டே வரும்.

இரண்டாவது காரணம் வாங்குகிறவர்களின் வயது. பதினைந்து வயதில் சுவரில் படமாக ஒட்டிவைத்த காரை, ஐம்பது வயதில் கையில் காசு சேர்ந்ததும் வாங்குகிறார்கள். அதனால் எந்தக் காரின் விலை ஏறும் என்பது எந்தத் தலைமுறை இப்போது சம்பாதித்து முடித்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய பல கார்களின் விலை இன்று தேங்கி நிற்கிறது. அவற்றை ஆசைப்பட்டவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். 1990-களின் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்களான நிஸான் ஸ்கைலைன் ஜிடிஆர், டொயோட்டா சுப்ரா, ஹோண்டா என்எஸ்எக்ஸ் போன்றவை மேலே போகின்றன. அமெரிக்கச் சட்டப்படி 25 வயது நிரம்பிய வெளிநாட்டுக் காரைத் தாராளமாக இறக்குமதி செய்யலாம் என்பதால், ஒவ்வோர் ஆண்டும் ஒரு புது வரிசை ஜப்பானியக் கார்களுக்கு அங்கே கதவு திறக்கிறது. கூடவே விலையும்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது: ஓட்டும் சுகம். இன்றைய கார் பாதுகாப்பானது, சிக்கனமானது, குளுகுளுவென்று இருக்கிறது. ஆனால் ஓட்டுகிறவருக்கும் ரோட்டுக்கும் நடுவில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங் நேராகச் சக்கரத்தோடு பேசும். கியரைத் தவறாகப் போட்டால் உடனே தெரியும். சரியாகப் போட்டால் அதுவும் தெரியும். வேகம் 60-ஐத் தாண்டாமலே ஒரு மலைப்பாதையை முழுவதும் அனுபவிக்கலாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் எடை குறைந்த ஒரு சின்னக் கார் கொடுக்கும் சந்தோஷத்தை, 300 குதிரைத்திறன் கொண்ட புதுக் கார் கொடுப்பதில்லை. மின்சாரக் கார்கள் பெருகப் பெருக, கையால் கியர் போடும் பெட்ரோல் காருக்கு ஏக்கம் கூடத்தான் செய்யும்.

நம் நாட்டு நிலவரம் வேறு. 1953-இல் வரிக்குழுவின் பரிந்துரைக்குப் பிறகு இங்கேயே உதிரிபாகம் செய்யாத கார் கம்பெனிகளுக்கு இடமில்லாமல் போனது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டிக்கொண்டு போயின. இறக்குமதியும் இறுகியது. அதற்கு முன்பு வந்த எம்ஜி, ஜாகுவார் போன்ற கார்கள் அரச குடும்பங்களிடமும் மில் முதலாளிகளிடமும் தேயிலைத் தோட்டத் துரைகளிடமும் இருந்தவையே. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்று மூன்று பெயர்கள்தான்.

அதனால் நம் ஊரில் 'கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார்' என்ற சொல்லுக்குள் வெளிநாட்டுக்காரர் நினைக்காத வண்டிகள் பல வரும். சென்னையில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒரு நல்ல உதாரணம். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த உருவம். பானெட்டைத் தூக்கினால் முன் மட்கார்டு இரண்டும் சேர்ந்து எழும். இன்ஜினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். இங்கிலாந்தில் இதே காரின் அடித்தளத்திலிருந்து பிறந்ததுதான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டும் ஃபியட்டும் சீறிப்பாய்ந்த காலம் ஒன்று இருந்தது. கண்ணாடி இழை உடம்போடு வந்த சிபானி டால்ஃபினும் அங்கே ஓடியது. 1990-களின் கடைசியில் சான் ஸ்டார்ம் என்ற இரண்டு சீட்டுத் திறந்த கார் வந்தது. ரெனோ இன்ஜின், குறைந்த எண்ணிக்கை.

இன்று நாற்பதுகளில் இருப்பவர்கள் தேடுவது இன்னும் புதிய வரிசை. 2000-இல் வந்த 106 குதிரைத்திறன் ஹோண்டா சிட்டி விடெக், திருவள்ளூர் தொழிற்சாலையில் பிறந்த மிட்சுபிஷி லான்சர், 2004-இன் ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ். பத்து ஆண்டுக்கு முன் இவை வெறும் செகண்ட் ஹேண்ட் வண்டிகள். இப்போது மாற்றம் எதுவும் செய்யாத, ஒரே ஓனர் வைத்திருந்த வண்டி கிடைத்தால் கேட்ட விலை கொடுக்க ஆள் இருக்கிறது. இரு சக்கரத்தில் இந்தக் கதை முன்பே நடந்து முடிந்துவிட்டது. 1980-களில் வந்த ராஜ்தூத் 350-ஐ மைலேஜ் இல்லை என்று அன்று தள்ளிவிட்டார்கள். இன்று நல்ல நிலையில் உள்ளது லட்சங்களில் பேசப்படுகிறது. அதிலும் சக்தி கூடிய எச்டி வகைக்குத் தனி விலை.

கோவை வட்டாரத்தில் இந்த ஆசைக்கு ஆழமான வேர் இருக்கிறது. ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித்தான் தொழிலைத் தொடங்கினார். அவர் குடும்பத்தார் சேர்த்துவைத்த கார்கள் 2015 முதல் அவினாசி ரோட்டில் ஜீ.டீ. கார் மியூசியத்தில் மக்கள் பார்வைக்கு இருக்கின்றன. பழைய கார் வாங்க நினைப்பவர் பணத்தை எடுக்கும் முன் அரை நாள் அங்கே செலவழிக்க வேண்டும். ஒரிஜினல் என்றால் என்ன என்று கண்ணுக்குப் பழகும்.

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் இருக்கிறது கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-இல் திறந்த இந்தப் பந்தயத் தடம் கோவையின் எஸ். கரிவர்தன் பெயரைத் தாங்கியது. மாருதி 800 இன்ஜினை வைத்து 1988-இல் ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கியவர் அவர். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். பெரும் பணக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்த பந்தயத்தை, திறமை உள்ள பையன்கள் எட்டிப்பிடிக்கும் இடத்துக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைச் சொல்வேன். நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் ஓட்டத் தொடங்கி, 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரானார். அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயனும் பெயர்பெற்ற ராலி ஓட்டுநர்.

இவர்களுக்குப் பின்னால் பெயர் தெரியாத ஒரு கூட்டம் இருக்கிறது. பம்ப்செட், மோட்டார், ஃபவுண்டரி என்று வளர்ந்த ஊர் என்பதால், கிடைக்காத ஒரு புஷ்ஷையோ தண்டையோ அளந்து கடைந்து கொடுக்கும் லேத்துக்காரர் நமக்குக் கிடைக்கிறார். பெங்களூரிலும் மும்பையிலும் மாதக்கணக்கில் காத்திருக்கும் வேலையைக் கணபதியிலோ சுந்தராபுரத்திலோ ஒரு வாரத்தில் முடிக்க வாய்ப்புண்டு. ஆனால் கார்புரேட்டரைக் காதால் கேட்டு டியூன் செய்யும் மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. ஸ்கேனரை மாட்டிக் கோளாறு பார்க்கப் பழகிய இளைஞர்களுக்கு அந்த வித்தை போய்ச் சேரவில்லை. காரின் விலையைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். இந்தக் கைகளின் மதிப்பைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு வருத்தம். மெக்கானிக் இல்லாமல் போனால் எந்த ஸ்போர்ட்ஸ் காரும் ஓடாத பொம்மைதான்.

இனி அந்த 'ரெண்டு மடங்கு' கணக்குக்கு வருவோம். பத்து லட்சத்துக்கு ஒரு காரை வாங்கி, பத்து ஆண்டு கழித்து இருபது லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய லாபம் போலத் தெரியும். அதே பத்து லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டு வட்டியையும் எடுக்காமல் விட்டால், பத்து ஆண்டில் அதுவும் ஏறத்தாழ இருபது லட்சம்தான். காருக்கு இன்சூரன்ஸ் கட்ட வேண்டும், டயர் மாற்ற வேண்டும், ஷெட் வேண்டும், ஓட்டாமல் நின்றாலும் பிரேக் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஐம்பதாயிரம் என்று குறைவாகப் போட்டாலே பத்து ஆண்டில் ஐந்து லட்சம் போய்விடும். தென்னந்தோப்பு வாங்கினால் விலை ஏறும்வரை காயாவது விழும்; நிற்கிற கார் செலவு வைப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது. காருக்கு ஒரு சாதகமும் உண்டு: வங்கி வட்டிக்கு வரி கட்டவேண்டும், சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை லாபத்துக்கு விற்றால் அது பொதுவாக மூலதன ஆதாய வரிக்குள் வராது. வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால் கதை வேறு. ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விலை இறங்கவும் செய்யும். 1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி இறந்ததும் அவர் கார்களின் விலை வெறிபிடித்ததுபோல் ஏறியது. ஜப்பானியப் பணமும் கடன் பணமும் சேர்ந்துகொண்டன. 1990-க்குப் பிறகு எல்லாம் சரிந்தது. கோடிக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கியவர்கள் சில ஆண்டுகளில் அதில் சிறு பங்குக்கு விற்றார்கள். அந்தப் பழைய விலை திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆயின. கொரோனாவுக்குப் பிந்தைய ஏற்றமும் 2022-க்குப் பிறகு தளர்ந்துவிட்டது. எனவே என் தீர்ப்பு இது: கடன் வாங்கிப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்காதீர்கள். பிள்ளையின் படிப்புக்கு வைத்த பணத்தில் வாங்காதீர்கள். விலை ஏறாவிட்டாலும் இதை ஓட்டிச் சந்தோஷப்படுவேன் என்று மனது சொன்னால் வாங்குங்கள்.

வாங்குவது என்று முடிவானால், பெயிண்டைப் பார்ப்பதற்கு முன் பேப்பரைப் பாருங்கள். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் சேஸி நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றா என்று பார்ப்பது முதல் வேலை. தொழிற்சாலையிலிருந்து வந்த இன்ஜினே இன்றும் இருந்தால் விலை கூடும்; மாற்றியிருந்து அது ஆர்சியில் ஏறாமல் இருந்தால் உங்களுக்குத் தலைவலி. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் தடை வந்ததிலிருந்து, அங்கிருந்து தென்னாட்டுக்கு நிறைய வண்டிகள் வருகின்றன. என்ஓசி இல்லாமல் அப்படி ஒரு வண்டியைத் தொடாதீர்கள். வெளிநாட்டுக் கார் என்றால் சுங்கவரி கட்டிய ரசீது கட்டாயம் வேண்டும். 2025 செப்டம்பரில், பூடான் வழியாகக் கடத்திவந்து போலி ஆவணத்தில் பதிவு செய்ததாகச் சொல்லிப் பல சொகுசுக் கார்களைக் கேரளத்தில் சுங்கத்துறை பறிமுதல் செய்தது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் நடந்தது இந்தப் பக்கமும் நடக்கலாம்.

தமிழ்நாட்டில் தனியார் காருக்கு இத்தனை வயதோடு சரி என்ற தடை இல்லை. 15 ஆண்டு முடிந்ததும் எஃப்சி காட்டி, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு, 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 10,000 என்று ஆக்கியது. இறக்குமதிக் கார் என்றால் 80,000. மாநிலத்தின் பசுமை வரி இதற்கு மேல். காரின் விலையைக் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

50 வயது கடந்த, உருமாறாத வண்டிகளுக்கு 2021-இல் 'விண்டேஜ்' பதிவு என்று தனி வழி வந்தது. புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய். பத்து ஆண்டுக்குச் செல்லும். 'விஏ' என்ற எழுத்துகளோடு நம்பர் கிடைக்கும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் நபர் காப்பீட்டில் பாதித் தள்ளுபடியும் உண்டு. ஆனால் இந்தப் பதிவில் இருக்கும் வண்டியைத் தினப்படி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரணங்களுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். ஞாயிறுதோறும் குடும்பத்தோடு ஆழியாறு போக ஆசைப்படுபவருக்கு வழக்கமான பதிவே நல்லது. இறக்குமதிக்கும் முன்பு 1950-க்கு முந்தைய வண்டிகளுக்கே சலுகை இருந்தது. 2025-இல் அது 50 ஆண்டு பழைய வண்டிகள் என்று தளர்ந்திருக்கிறது. சுங்கவரி அப்படியே மலைபோல் நிற்கிறது.

முழுக் காப்பீடு எடுக்கும்போது ஒரு விஷயம். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கும், உற்பத்தி நின்ற மாடலுக்கும் காப்பீட்டு மதிப்பை உரிமையாளரும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். பேசாமல் விட்டால் பதினைந்து லட்சத்துக்கு வாங்கிய கார் பேப்பரில் ஒன்றரை லட்சமாக நிற்கும். மதிப்பீட்டாளரின் சான்றும் நான்கு பக்கப் படங்களும் கொடுத்து, எழுத்தில் வாங்குங்கள்.

பெட்ரோலும் மாறிவிட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரி முதல் நாட்டில் இல்லை; அதற்கு முந்தைய சில இன்ஜின்களில் வால்வு உட்காரும் இடம் தேயும் என்பதால் கடினமான வால்வு சீட் போட வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். கசிந்தால் தீ அபாயம். பழைய கார் வீட்டுக்கு வந்ததும் பெட்ரோல் குழாய்கள் அத்தனையையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுவது முதல் செலவாக இருக்கட்டும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேங்கில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

உடம்பில் பார்க்கவேண்டியது துரு. இன்ஜினை நம் ஊரில் எப்படியும் சரிசெய்துவிடலாம். அடித்தளம் அரித்துப்போன காரைச் சரிசெய்யும் செலவுக்கு எல்லை கிடையாது. கடற்கரை ஊர்களில் இருந்த வண்டியையும் 2015 வெள்ளத்தில் சென்னையில் நின்ற வண்டியையும் லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்காமல் வாங்கக் கூடாது. கதவின் கீழ்விளிம்பு, மிதிபலகை, தரைவிரிப்புக்கு அடியில் உள்ள தகடு, இவற்றைத் தட்டிப் பாருங்கள். பட்டி பூசியிருந்தால் காந்தம் ஒட்டாது. பளபளவென்று புதுப் பெயிண்ட் அடித்த காரைவிட, மங்கிப்போன பழைய பெயிண்டோடு இருக்கும் காரையே நான் நம்புவேன். சந்தையும் இப்போது அப்படித்தான்: தேய்ந்திருந்தாலும் தொழிற்சாலைப் பெயிண்டும் சீட்டும் இருக்கும் வண்டிக்கு, எல்லாம் புதுசாக்கிய வண்டியைவிட அதிகம் கொடுப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள்.

முதன்முறை வாங்குபவர் வெளிநாட்டுப் பெயருக்கு ஆசைப்பட வேண்டாம். உதிரிபாகம் கிடைக்கும், மெக்கானிக் தெரிந்த வண்டியாகப் பாருங்கள். ஹெரால்டுக்கு இங்கிலாந்தின் டிரையம்ஃப் சங்கங்கள் வழியாக இன்றும் உதிரிபாகம் வருகிறது. சிட்டி விடெக்குக்கோ லான்சருக்கோ இயந்திரப் பாகம் தேடினால் கிடைக்கும். விளக்கு, டேஷ்போர்டு போன்ற பிளாஸ்டிக் சாமான்தான் கஷ்டம். ஒரு வண்டியில் ஏதேனும் ஒரு பாகம் இல்லை என்றால், "வாங்கிக்கலாமுங்க" என்று புரோக்கர் சொல்வதை நம்பாமல், முதலில் அந்தப் பாகத்தைத் தேடிப் பாருங்கள். கிடைத்த பிறகு காருக்கு விலை பேசுங்கள்.

இதைப் படிப்பவர்களில் சிலர் வீட்டுத் தோட்டத்துச் சாளையில் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய ஒரு ஹெரால்டோ ஃபியட்டோ தென்னை மட்டைக்கு அடியில் கிடக்கலாம். எடைக்குப் போட்டால் சில ஆயிரம் வரும். அதற்கு முன் பெட்டியில் ஆர்சி புத்தகத்தைத் தேடி எடுங்கள். சேஸி நம்பர் தகட்டைத் துடைத்துப் படம் எடுங்கள். விவரம் தெரிந்த ஒரு பழைய மெக்கானிக்கை அழைத்துக் காட்டுங்கள். உங்களுக்கு வேண்டாம் என்றாலும் ஓட்ட ஆசைப்படும் ஒருவருக்கு, பேப்பரோடு, முறையாகப் பெயர் மாற்றிக் கொடுங்கள்.